16 அறை வீட்டில் ஓர் அறையில் குடித்தனம்!

கம்ப்யூட்டர் வழிகாட்டியில் தங்கிவிட்ட பழைய அறிவுரைகள்

மருந்துப் புட்டியின் மேல் ஒரு தேதி அச்சிட்டிருக்கும். "இந்தத் தேதிக்குப் பிறகு உபயோகிக்கக் கூடாது" என்பது அதன் பொருள். தேதி தாண்டிய மருந்தை விவரம் தெரிந்தவர்கள் குடிக்க மாட்டார்கள். குப்பையில் போட்டுவிடுவார்கள்.

அறிவுரைக்கு அப்படி ஒரு தேதி உண்டா?

கிடையாது! ஒரு காலத்தில் கை கொடுத்த அறிவுரை, இன்னொரு காலத்தில் காலை வாரிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே எழுத்து, அதே வரி, அதே பக்கம்.

கம்ப்யூட்டரைப் புதிதாக இயக்கி வைப்பதற்கு வழி சொல்லும் புத்தகங்களில் இப்படி வயதாகிப்போன அறிவுரைகள் பல உண்டு. அவற்றைத் தேடிப் பிடித்து நீக்கும் வேலையைச் சிலர் செய்து வருகிறார்கள். அதற்காகக் கூலி வாங்காமல் உழைப்பவர்களும் அவர்களில் உண்டு. வேலை முடிந்ததும் அவர்கள் செய்தது என்ன என்று காட்டுவதற்குக்கூட ஒன்றும் இருக்காது. இருந்த ஒரு வரி இல்லாமல் போயிருக்கும். அவ்வளவுதான்!

ஒரு வரியை அழிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

இதோ விவரம்:

கடையும் கிடங்கும்

ஒரு மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். கடைக்காரரின் கைக்கு எட்டும் தட்டில் பருப்பு, உப்பு, புளி, மிளகாய் எல்லாம் இருக்கும். கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார். கடையின் பின்கட்டில் கிடங்கு இருக்கும். மூட்டைகள் அங்கே அடுக்கியிருக்கும். அங்கே போய் எடுத்து வருவதற்கு நேரம் ஆகும்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. கைக்கு எட்டும் தட்டுக்கு 'மெமரி' என்று பெயர். பின்கட்டுக் கிடங்குக்கு 'டிஸ்க்' என்று பெயர். தட்டில் இருப்பதைச் சட்டென்று எடுக்கலாம். ஆனால், மின்சாரத்தை நிறுத்தினால் தட்டில் இருப்பது மறைந்துவிடும். கிடங்கில் இருப்பது நிலைத்து நிற்கும்.

மெமரியின் அளவை 'மெகாபைட்', 'கிகாபைட்' என்று சொல்வார்கள். 1,024 மெகாபைட் சேர்ந்தது ஒரு கிகாபைட்.

1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் படித்துக் கொண்டிருந்தார். அவருக்கு அப்போது வயது 21. கம்ப்யூட்டரை நடத்திச் செல்லும் மூலப் புரோகிராம் ஒன்றை அவர் சொந்தமாக எழுதினார். அதுதான் 'லினக்ஸ்'. இத்தகைய மூலப் புரோகிராமுக்கு 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று பெயர்.

அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த மெமரி எவ்வளவு தெரியுமா?

4 மெகாபைட்!

இன்று 8 கிகாபைட் மெமரி உள்ள லேப்டாப்பைச் சாதாரணக் குடும்பங்களிலேயே பார்க்கலாம். அது 4 மெகாபைட்டைப்போல 2,048 மடங்கு!

கடையின் தட்டு இவ்வளவு பெரிதாகிவிட்டது. ஆனால், தட்டு சின்னதாக இருந்த காலத்தில் சொன்ன யோசனைகள் சில, புத்தகத்தில் அப்படியே நின்றுவிட்டன. அதனால்தான் தொல்லை!

காதலியின் பெயர்

லினக்ஸ் என்பது கரு மட்டுமே. அதைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கான புரோகிராம்களைச் சேர்த்து, மக்கள் உபயோகிக்கும்படி கட்டிக் கொடுக்கும் குழுக்கள் பல இருக்கின்றன. அவற்றில் பழையதும் பெரியதுமான குழுக்களில் ஒன்று 'டெபியன்'.

அமெரிக்காவில் உள்ள பர்டியூ பல்கலைக்கழக மாணவர் அயன் மர்டாக் என்பவர், 1993-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி இதைத் தொடங்கினார். அவருடைய காதலியின் பெயர் டெப்ரா. 'டெப்ரா', 'அயன்' என்ற இரண்டு பெயர்களையும் ஒட்டித்தான் 'டெபியன்' என்ற பெயர் பிறந்தது! பின்னர் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

டெபியனுக்கு விலை கிடையாது. யாரும் எடுத்துக் கொள்ளலாம். படி எடுத்து அடுத்தவருக்கும் கொடுக்கலாம். உலகின் பல நாடுகளில் இருக்கும் தொண்டர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். அதை நிறுவும்போது திரையில் வரும் கேள்விகளைத் தமிழிலும் படிக்கலாம்.

டெபியனை ஒரு கம்ப்யூட்டரில் எப்படி நிறுவுவது என்று விளக்குவதற்கு ஒரு பெரிய வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் அதற்கான வழிகாட்டியும் உடன் வரும். பல மொழிகளில் வரும்.

இந்த வழிகாட்டியை யார் படிப்பார்கள்?

விஷயம் தெரிந்தவர்கள் அதிகம் புரட்டுவதில்லை. பத்து முறை நிறுவியவருக்குப் புத்தகம் எதற்கு? முதல் முறையாக முயற்சி செய்பவர்தான் வரி வரியாகப் படிப்பார். அதில் சொன்னபடி அப்படியே செய்வார். "இது பழைய கணக்கு, விட்டுவிடலாம்" என்று ஒதுக்க அவருக்குத் தெரியாது.

புத்தகத்தில் ஒரு வரி தவறாக இருந்தால், அதன் பலனை அனுபவிப்பவர் அவர்தான்!

"512 என்று சொல்!"

டெபியன் வழிகாட்டியின் பல பதிப்புகளில் ஒரு யோசனை இடம் பெற்றிருந்தது. அதன் சாரம் இதுதான்:

கம்ப்யூட்டரில் 512 மெகாபைட்டுக்கு மேல் மெமரி இருக்கிறதா? நிறுவத் தொடங்கும்போது யந்திரம் அசையாமல் நின்றுவிடுகிறதா? அப்படியானால், தொடக்கத்தில் 'மெம்=512எம்' என்று ஒரு குறிப்பைத் தட்டிப் பாருங்கள்.

'மெம்' என்றால் மெமரி. "எவ்வளவு மெமரி இருந்தாலும் சரி, 512 மெகாபைட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்" என்று லினக்சுக்குச் சொல்வதுதான் இந்தக் குறிப்பு.

இது பைத்தியக்கார யோசனை அல்ல. அந்தக் காலத்தில் அவ்வளவு மெமரி வைத்திருந்தவர்கள் குறைவு. வழக்கத்துக்கு மீறிய அளவு மெமரியை மாட்டினால் சில யந்திரங்கள் திணறின. கொஞ்சத்தை மறைத்துக் காட்டினால் வேலை நடந்தது. ஒன்றும் ஓடாமல் நிற்பதைவிட, பாதி மெமரியுடன் ஓடுவது மேல் அல்லவா?

ஆகவே, வரியை எழுதியவர் மேல் தவறு இல்லை. எழுதிய நாளில் அது பலருக்கு உதவி செய்த வரி.

64-க்கு மேல் எண்ணத் தெரியாது!

இதற்கு நேர் எதிரான அறிவுரை ஒன்றும் முன்பு இருந்தது. அதன் கதை இன்னும் வேடிக்கையானது.

கம்ப்யூட்டரில் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று லினக்சுக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டரின் உள்ளே 'பயாஸ்' என்று ஒரு சிறிய புரோகிராம் உண்டு. யந்திரத்தை முடுக்கியதும் முதலில் எழுந்திருப்பது அதுதான். வீட்டுக் காவல்காரனைப் போன்றது. லினக்ஸ் அதனிடம், "எவ்வளவு மெமரி?" என்று கேட்கும். அது பதில் சொல்லும்.

பழைய பயாசில் இந்தப் பதிலுக்கு ஒதுக்கிய இடம் மிகவும் சிறியது. 65,535 கிலோபைட்டுக்கு மேல் அதில் எழுத முடியாது. அதாவது, சுமார் 64 மெகாபைட்.

நான்கு கட்டங்கள் உள்ள மீட்டர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 9,999 வரைக்கும்தான் காட்டும். வண்டி அதற்கு மேல் ஓடினாலும் மீட்டருக்குத் தெரியாது. பயாசின் கதையும் இதுதான்.

128 மெகாபைட் மெமரியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டினாலும், காவல்காரன் "64" என்றே சொல்வான். லினக்சும் அதை நம்பிவிடும். மீதி 64 மெகாபைட் சும்மா கிடக்கும்!

இதற்குப் பரிகாரமாகத்தான், "'மெம்=128எம்' என்று தட்டுங்கள்" என்று அக்கால வழிகாட்டிகள் சொல்லிக் கொடுத்தன. அதிலும் ஓர் ஆபத்து இருந்தது. உள்ளதைவிட அதிகமாகச் சொல்லிவிட்டால், இல்லாத தட்டில் சரக்கை வைக்கப் போகும் லினக்ஸ். உடனே ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். என்றைக்காவது ஒரு நாள் யந்திரம் நிலைகுலைந்து விழும்.

பிறகு காவல்காரனிடம் விசாரிக்கப் புதிய முறை வந்தது. ஒரே ஓர் எண்ணைச் சொல்வதற்குப் பதிலாக, மெமரியின் முழு வரைபடத்தையே அவன் கொடுத்துவிடுவான். லினக்சும் அதைப் படிக்கக் கற்றுக் கொண்டது. அன்றோடு அந்தப் பழைய பரிகாரத்துக்கு வேலை போய்விட்டது. ஆனால், வேலை போன பிறகும் அது பல புத்தகங்களில் குடியிருந்தது!

வீசம் பங்கு!

இன்று ஒரு குடும்பம் புதிய லேப்டாப் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி 8 கிகாபைட். மகன் அதில் டெபியனை நிறுவ முயற்சி செய்கிறான். தொடக்கத்திலேயே திரை அப்படியே நின்றுவிடுகிறது.

காரணம் எதுவாகவும் இருக்கலாம். படம் காட்டும் கருவியோடு லினக்சுக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பதிவு செய்து வைத்த பென் டிரைவ் பழுதாக இருக்கலாம்.

பையனுக்கு அது தெரியாது. பழைய வழிகாட்டி ஒன்று கையில் கிடைக்கிறது. "512-க்கு மேல் மெமரி உள்ளதா? யந்திரம் நிற்கிறதா?" என்ற கேள்விகளைப் படிக்கிறான். இரண்டுக்கும் 'ஆமாம்' என்பதுதான் பதில். தன் நோய்க்கே எழுதிய மருந்து என்று நினைத்து, குறிப்பைத் தட்டிவிடுகிறான்.

என்ன நடக்கும்?

இந்தக் காலத்துப் புரோகிராம்களுக்கு 512 மெகாபைட் பற்றாது. நிறுவும் வேலையே நடுவழியில் நின்றுபோகலாம். அப்படி நிற்காமல் முடிந்துவிட்டால், அது இன்னும் மோசம்!

8 கிகாபைட் என்பது 8,192 மெகாபைட். அதில் 512 என்பது பதினாறில் ஒரு பங்கு. நம் தாத்தா காலத்துக் கணக்கில் சொன்னால், ஒரு வீசம்! மீதி பதினைந்து பங்கும் பூட்டிக் கிடக்கும். பதினாறு அறை வீடு கட்டி, ஓர் அறையில் குடித்தனம் செய்வதுபோலத்தான்!

இன்னொரு விஷயமும் உண்டு. டெபியனை நிறுவும்போது தட்டும் குறிப்புகளைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் தட்டினால், அவற்றை அது நிரந்தரமாக எழுதி வைத்துக் கொள்ளும். ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டர் எழும்போது அதே குறிப்பின்படி எழும். ஒரு நாள் தட்டிய வரி, யந்திரத்தின் ஆயுள் முழுவதும் தொடரும்.

"புதிய கம்ப்யூட்டர் இப்படி ஊர்கிறதே!" என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். விற்றவரைத் திட்டுவார்கள். லினக்சைக் குறை சொல்வார்கள். "நமக்கு இதெல்லாம் வராது" என்று பையன் தன்னையே நொந்துகொள்வான். குற்றவாளி ஒரு பழைய வரி என்பது யாருக்கும் தோன்றாது!

"இரண்டு மடங்கு வேண்டும்"

மெமரியைப் பற்றி இன்னொரு பழைய அறிவுரை உண்டு. அது இதைவிடப் புகழ் பெற்றது.

தட்டு நிரம்பிவிட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? உடனே தேவைப்படாத டப்பாக்களைக் கிடங்கின் ஒரு மூலையில் கொண்டுபோய் வைப்பார். தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருவார். கம்ப்யூட்டரும் அப்படிச் செய்கிறது. டிஸ்க்கில் அதற்காக ஒதுக்கும் மூலைக்கு 'ஸ்வாப்' என்று பெயர்.

இந்த யோசனை புதிதல்ல. 1962-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 'அட்லஸ்' என்ற பெரிய கம்ப்யூட்டர் இந்த முறையில் ஓடியது.

லினக்சில் இது வந்த கதை சுவையானது. ஜெர்மனியில் ஒருவரிடம் 2 மெகாபைட் மெமரி உள்ள கம்ப்யூட்டர் இருந்தது. அவருக்கு லினக்ஸ் மீது ஆசை. ஆனால், மெமரி போதவில்லை. அவருக்காக டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து இந்த வசதியைச் சேர்த்தார்!

"மெமரியைப்போல இரண்டு மடங்கு ஸ்வாப் ஒதுக்க வேண்டும்" என்பது வழிகாட்டிகளில் சொல்லும் விதியாக இருந்தது. ஏன் இரண்டு மடங்கு?

1979-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான யூனிக்ஸ் போன்ற பழைய சிஸ்டங்களில், தட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கிடங்கிலும் ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கியாக வேண்டும். கிடங்கின் மூலை தட்டைவிடப் பெரிதாக இருந்தால்தான் மிச்சம் இருக்கும். ஆகவே இரண்டு மடங்கு என்றார்கள். அன்று அது சரியான கணக்கு.

பிற்காலத்தில் இந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் விதி போகவில்லை. நடுவில் ஒரு முறை அதற்கு மறுபிறவியும் கிடைத்தது! 2001-ம் ஆண்டு ஜனவரியில் லினக்ஸ் 2.4 வெளிவந்தபோது, அதன் அமைப்பு காரணமாக இரண்டு மடங்கு ஸ்வாப் வேண்டும் என்று உண்மையாகவே சொன்னார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 2.4.10-ல் மெமரியை நிர்வகிக்கும் பகுதியையே மாற்றி எழுதிவிட்டார்கள். காரணம் மறுபடியும் மறைந்தது. விதி மட்டும் வாய்மொழியாக வாழ்ந்தது!

4 மெகாபைட் மெமரிக்கு இரண்டு மடங்கு என்றால் 8 மெகாபைட். அது பெரிய இழப்பு அல்ல. 16 கிகாபைட் மெமரிக்கு இரண்டு மடங்கு என்றால் 32 கிகாபைட்! டிஸ்க் மொத்தம் 128 கிகாபைட்தான் என்றால், கால் பங்கு அதற்கே போய்விடும். குழந்தையின் பிறந்தநாள் படங்களும், கல்யாண வீடியோவும் வைக்க வேண்டிய இடம்!

16 போய் 512 வந்தது

பழைய அறிவுரையைக் கண்டால் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, எண்ணை மாற்றுவது. "ஸ்வாப் 16 மெகாபைட்டுக்குக் குறையக் கூடாது" என்று டெபியன் வழிகாட்டி ஒரு காலத்தில் சொன்னது. பிந்திய பதிப்புகளில் 16 போய் 512 வந்துவிட்டது. 32 மடங்கு! ஆனால், 512-ம் என்றைக்கும் இளமையாக இருக்கப் போவதில்லை. அதற்கும் வயதாகும். அப்போது மறுபடியும் ஒருவர் வந்து மாற்ற வேண்டும்.

இரண்டாவது வழி, நிலைமைக்குத் தக்கபடி பிரித்துச் சொல்வது. 'ரெட் ஹாட்' நிறுவனத்தின் வழிகாட்டி ஓர் அட்டவணை கொடுக்கிறது. மெமரி 2 கிகாபைட் வரை இருந்தால் ஸ்வாப் இரண்டு மடங்கு. 2 முதல் 8 வரை இருந்தால் சம அளவு. அதற்கு மேல் போனால் குறைந்தது 4 கிகாபைட். கம்ப்யூட்டரை உறங்க வைத்து, விட்ட இடத்தில் எழுப்ப விரும்புகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. மெமரியில் உள்ள அத்தனையையும் அப்போது டிஸ்க்கில் பத்திரப்படுத்த வேண்டுமல்லவா?

மூன்றாவது வழி, வரியையே எடுத்துவிடுவது. காரணம் அடியோடு மறைந்துவிட்டால் இதுதான் சரி. 'மெம்=512எம்' இந்த வகையைச் சேர்ந்தது. 512-ஐ 5,000 என்று திருத்திப் பயன் இல்லை. நோயே இல்லாதபோது மருந்தின் அளவைத் திருத்துவானேன்?

சிஸ்டங்களும் சும்மா இருக்கவில்லை. 2017-ம் ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு, ஸ்வாப்புக்காக டிஸ்க்கில் தனிச்சுவர் எழுப்பும் வழக்கத்தைக் கைவிட்டு, சாதாரண பைல் ஒன்றை அதற்குப் பயன்படுத்தியது. 2020-ம் ஆண்டு அக்டோபரில் வந்த பெடோரா, சரக்கை மெமரிக்குள்ளேயே சுருக்கி வைக்கும் முறையைக் கையாண்டது. கேள்வியே மாறிக்கொண்டு வரும்போது, பழைய பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அழிப்பது எளிதா?

"ஒரு வரியை அழிப்பது ஒரு நொடி வேலைதானே?" என்று கேட்கத் தோன்றும்.

அப்படி அல்ல. எழுதுவதற்கு வேண்டிய தைரியத்தைவிட அழிப்பதற்கு அதிக தைரியம் வேண்டும்!

புதிய வரியை எழுதுகிறவருக்கு ஒரு காரணம் கண் முன்னால் இருக்கும். அழிக்க வருகிறவருக்கோ, அந்த வரி ஏன் வந்தது என்றே தெரிந்திருக்காது. எழுதியவர் எங்கே இருக்கிறாரோ! "யாருக்காவது இது இன்னும் தேவைப்பட்டால்?" என்ற தயக்கம் வரும். "இருந்துவிட்டுப் போகட்டும், யாரைக் கடிக்கிறது?" என்று விட்டுவிடுவார்கள். இப்படியே பல ஆண்டுகள் ஓடிவிடும்.

டெபியனில் குறை கண்டவர் எவரும் புகார் எழுதலாம். படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லை. ஒரு மின்கடிதம் போதும். ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் கிடைக்கும். எல்லோரும் படிக்கும்படி அது வெளிப்படையாக இருக்கும். பொறுப்பாளர்கள் அதைப் பார்த்து, சரி என்று பட்டால் மூலப் பிரதியைத் திருத்துவார்கள்.

வேலை அத்துடன் முடிவதில்லை. ஆங்கில மூலத்தில் ஒரு வாக்கியம் மாறினால், மொழிபெயர்ப்புகளில் எல்லாம் அந்த இடத்தில் "சரிபார்க்க வேண்டும்" என்ற அடையாளம் விழும். ஒவ்வொரு மொழியிலும் ஒருவர் உட்கார்ந்து அதைத் திருத்த வேண்டும். எண்ணை மட்டும் மாற்றினாலும் இதே பாடுதான். வரியையே நீக்கிவிட்டால், அத்தனை மொழிக்காரர்களுக்கும் ஒரு வேலை குறைகிறது. படிப்பவருக்கும் ஒரு வரி குறைகிறது. அதுவும் ஒரு லாபம்தான்.

பழைய யந்திரம் வைத்திருப்பவர் கதி?

"பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களை நட்டாற்றில் விடலாமா?" என்பது நியாயமான கேள்வி. வசதி குறைந்த வீட்டில் இருப்பது பெரும்பாலும் பழைய யந்திரம்தான்.

அவர்களைக் கைவிட வேண்டியதில்லை. ஏன் என்றால், ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி வழிகாட்டி இருக்கிறது. பழைய பதிப்பின் வழிகாட்டியை யாரும் கிழித்துப் போடுவதில்லை. அந்தப் பதிப்போடு சேர்த்துப் பாதுகாத்து வைக்கிறார்கள். பழைய யந்திரத்துக்குப் பழைய பதிப்பு. பழைய பதிப்புக்குப் பழைய வழிகாட்டி. வரியை நீக்குவது புதிய வழிகாட்டியிலிருந்துதான்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, அந்தக் கால 32-பிட் கம்ப்யூட்டர்களில் புதிதாக நிறுவும் வசதியையே நிறுத்திவிட்டது. யந்திரமே வாசலைத் தாண்டிப் போன பிறகு, அதற்கான எச்சரிக்கைப் பலகை எதற்கு?

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கம்ப்யூட்டரில் எதையாவது புதிதாக நிறுவப் போகிறவர்கள் ஐந்து விஷயங்களைக் கவனித்தால் போதும்:

1. வழிகாட்டி எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். உங்களிடம் உள்ள பதிப்பும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு இடத்தில் யாரோ படி எடுத்துப் போட்டதைவிட, வெளியிட்டவர்களின் வழிகாட்டியே மேல்.

2. அறிவுரையில் உள்ள எண்ணை உங்கள் யந்திரத்தோடு ஒப்பிடுங்கள். உங்களிடம் 8 கிகாபைட் இருக்கும்போது புத்தகம் 64 மெகாபைட்டையும் 512 மெகாபைட்டையும் பெரிய அளவு என்று சொன்னால், அது உங்களுக்கு எழுதிய வரி அல்ல.

3. "ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லும் அறிவுரையை உங்களால் சோதிக்க முடியும். காரணம் சொல்லாத அறிவுரையை ஒருவரிடம் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

4. நிறுவி முடித்ததும், கம்ப்யூட்டர் எவ்வளவு மெமரி இருப்பதாகக் காட்டுகிறது என்று பாருங்கள். வாங்கியதைவிடச் சிறிது குறைவாகக் காட்டினால் பயம் வேண்டாம். படம் காட்டும் கருவி போன்றவை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 8-க்குப் பதில் அரை கிகாபைட் என்று காட்டினால், எங்கோ ஒரு பழைய குறிப்பு ஒட்டிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

5. வழிகாட்டியில் பிழை கண்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். எழுதித் தெரிவியுங்கள். உங்களுக்குப் பின்னால் அதே பக்கத்தைப் படிக்கப் போகிறவர்கள் எத்தனையோ பேர்.

வண்டியும் பள்ளமும்

சாலையில் ஒரு பள்ளம் இருந்தது. "ஜாக்கிரதை! பள்ளம்!" என்று பலகை வைத்தார்கள். வண்டிகள் ஒதுங்கிப் போயின. பலகை பல விபத்துகளைத் தடுத்தது. பிறகு பள்ளத்தை மூடிவிட்டார்கள். பலகையை எடுக்க மறந்துவிட்டார்கள்.

உள்ளூர்க்காரர்கள் பலகையைப் பார்க்காமலே நேராகப் போகிறார்கள். வெளியூர்க்காரன் மட்டும் அதை நம்பி, நல்ல சாலையை விட்டு வயலில் வண்டியை இறக்குகிறான்!

பள்ளத்தை மூடியவருக்கு ஊரில் நல்ல பெயர் கிடைக்கும். பலகையை எடுத்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால், வேலை முடிந்தது அவரால்தான்.

வழிகாட்டியில் பழைய வரியை நீக்குகிறவரும் அப்படிப்பட்டவர்தான். முதல் முறையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஒரு பையன், தான் வாங்கிய பதினாறு அறைகளிலும் இன்று தாராளமாக நடமாடுகிறான் என்றால், அதற்கு அவரும் ஒரு காரணம்.